கொடைக்கானல் இ-பாஸ் முறை

கொடைக்கானல் இ-பாஸ் முறை என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையில் அமைந்துள்ள கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையவழியில் முன்பதிவு செய்து மின்னணு அனுமதிச் சீட்டு பெறுவதற்காக ஏற்படுத்தப்பட்ட முறை ஆகும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலிலும் நீலகிரி மாவட்டத்திலும் இது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வருவோரைக் கணக்கெடுப்பதற்கு மட்டுமே பயன்பட்ட இம்முறை, 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்னும் உச்சவரம்பைச் செயற்படுத்தும் கருவியாகவும் மாறியது.

தகவல் தொழில்நுட்பச் சேவை மேலாண்மையில் பயனர் அணுகல் மேலாண்மை என்று ஒரு துறை உண்டு. ஒரு சேவையை யார் பயன்படுத்தலாம், யார் பயன்படுத்தக் கூடாது என்பதை நடைமுறைப்படுத்துவது அதன் பணி. கணினி வலையமைப்புகளுக்காக வகுக்கப்பட்ட அதன் கூறுகள் பெரும்பாலும் அனைத்தும் கொடைக்கானல் இ-பாஸ் முறையில் காணப்படுகின்றன. இங்கு காக்கப்படும் வளம் வழங்கிக் கணினி அன்று, ஒரு மலை என்பதே வேறுபாடு.

அணுகல் மேலாண்மை

பிரித்தானிய அரசின் நடுவண் கணினி, தொலைத்தொடர்பு முகமை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய நடைமுறைத் தொகுப்பு, தகவல் தொழில்நுட்ப உட்கட்டமைப்பு நூலகம் ஆகும். ஐ.டி.ஐ.எல். என்ற சுருக்கப் பெயரால் இது அறியப்படுகிறது. 2007இல் வெளிவந்த இதன் மூன்றாம் பதிப்பில், சேவை இயக்கம் என்னும் நூலில், அணுகல் மேலாண்மை தனியொரு செயல்முறையாக இடம்பெற்றது. 2019இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் இது தனிச் செயல்முறையாக இல்லாமல் தகவல் பாதுகாப்பு மேலாண்மையுடன் இணைந்தது.

மூன்றாம் பதிப்பு இச்செயல்முறையில் ஆறு படிகளைக் கூறுகிறது. அவை:

1. அணுகலுக்கான கோரிக்கையைப் பெறுதல்
2. கோருபவர் யார் என்பதையும், அவருடைய தேவை முறையானதா என்பதையும் சரிபார்த்தல்
3. உரிமையை வழங்குதல்
4. பயனரின் நிலையில் ஏற்படும் மாற்றங்களைக் கண்காணித்தல்
5. அணுகலைப் பதிவு செய்தலும் பின்தொடர்தலும்
6. தேவை முடிந்ததும் உரிமையை நீக்குதல் அல்லது குறைத்தல்

யாருக்கு உரிமை உண்டு என்ற கொள்கையை அணுகல் மேலாண்மை தானே வகுப்பதில்லை. நிறுவனத்தின் தலைமையும் பாதுகாப்புக் கொள்கையும் முடிவு செய்ததை அது செயற்படுத்துகிறது. ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கடவுச்சொல் வழங்கும் பணியாளர், அவர் சம்பளக் கணக்கைப் பார்க்கலாமா என்பதைத் தாமாகத் தீர்மானிப்பதில்லை. கொடைக்கானல் முறையிலும் இவ்வாறே. எண்ணிக்கையையும் விலக்குகளையும் நீதிமன்றம் வகுத்தது. வலைத்தளமும் சோதனைச்சாவடியும் அவற்றைச் செயற்படுத்தின.

புவியியல் பின்னணி

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845இல் இங்கு குடியிருப்பை அமைத்தனர். 1863இல் வெர் ஹென்றி லெவிஞ்சு என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் ஏரி உருவாக்கப்பட்டது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமக்கும் டோலியிலும் மக்கள் மலையேறினர். வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முடிக்கப்பட்டது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501 ஆகும். நகரைச் சுற்றிச் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் உள்ளன. ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இம்மலையின் சிறப்புச் செடிகளுள் ஒன்று. அது 2006இலும் 2018இலும் பூத்தது.

மலைக்கு வரும் முதன்மைச் சாலைகள் இரண்டு. ஒன்று வத்தலக்குண்டிலிருந்தும் மற்றொன்று பழனியிலிருந்தும் வருகிறது. இரண்டும் பெருமாள்மலையில் இணைந்து, வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து நகரை அடைகின்றன. நுழைவாயில்கள் சிலவே என்பதால் சோதனை எளிதாகிறது. அதே காரணத்தால், விடுமுறை நாட்களில் ஓரிடத்தில் ஏற்படும் நெரிசல் சாலை முழுவதையும் முடக்குகிறது. சுற்றுலாப் பயணியர் செல்லும் அச்சாலையிலேயே நோயாளிகளும், பள்ளி மாணவரும், காய்கறி வண்டிகளும் செல்ல வேண்டியுள்ளது.

முன்னோடி: 2020

கொடைக்கானலுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு 2024இல் முதன்முறையாக வந்ததன்று. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. திருமணம், இறப்பு, மருத்துவம் முதலிய காரணங்களை ஆய்ந்து சீட்டு வழங்கப்பட்டது. பலருடைய விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டதால் குறைகூறல்கள் எழுந்தன. 2020 ஆகஸ்ட் 17 முதல், ஆதார் அல்லது குடும்ப அட்டை விவரத்துடன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து விண்ணப்பிப்போர் அனைவருக்கும் உடனடியாக இ-பாஸ் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. 2020 செப்டம்பரில் மாநிலத்திற்குள் இ-பாஸ் நீக்கப்பட்டது. எனினும் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு ஆகிய மலைப்பகுதிகளுக்குச் செல்ல அனுமதி பெறும் விதி தொடர்ந்தது.

அணுகல் மேலாண்மையின் நோக்கில் இந்த மாற்றம் குறிப்பிடத்தக்கது. முதல் கட்டத்தில் அடையாளமும் காரணமும் சரிபார்க்கப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் அடையாளம் மட்டும் பதிவாயிற்று. சீட்டின் பெயர் மாறவில்லையாயினும் அதன் தன்மை மாறிவிட்டது.

2024ஆம் ஆண்டு ஆணை

வனம், சுற்றுச்சூழல் தொடர்பான வழக்குகளை விசாரித்துவந்த சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி ஆகியோர் அடங்கிய அமர்வு, 2024 ஏப்ரல் 29 அன்று இ-பாஸ் ஆணையைப் பிறப்பித்தது. கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு மட்டும் நாள்தோறும் 20,000க்கும் மேற்பட்ட வண்டிகள் வருவதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மலைச்சாலைகளும் சுற்றுச்சூழலும் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதை அறிய ஆய்வு தேவைப்பட்டது. ஆய்வுக்குத் தரவுகள் தேவைப்பட்டன. எனவே 2024 மே 7 முதல் சூன் 30 வரை இ-பாஸ் முறையைச் செயற்படுத்துமாறு இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஆணையிடப்பட்டது.

இவ்வாணையில் உச்சவரம்பு இல்லை. விண்ணப்பித்த அனைவருக்கும் சீட்டு வழங்கப்பட வேண்டும் என்பதே விதி. பின்னர் இம்முறை 2024 செப்டம்பர் 30 வரையும், அதன் பிறகு மறு உத்தரவு வரும் வரையும் நீட்டிக்கப்பட்டது. மலைப்பகுதிகளின் தாங்குதிறனை ஆராயும் பணியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகமும் ஈடுபடுத்தப்பட்டன.

செயற்படும் விதம்

தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் வலைத்தளத்தில் பயனர் விண்ணப்பிக்க வேண்டும். மேற்கூறிய ஆறு படிகளை இங்கு பின்வருமாறு காணலாம்.

கோரிக்கை: இந்தியாவில் உள்ளோர் செல்பேசி எண்ணைக் கொண்டும், வெளிநாட்டினர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டும் பதிவு செய்கின்றனர். வண்டியின் எண், வகை, பயணியரின் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் நாட்கள், தங்குமிடம் முதலிய விவரங்கள் கேட்கப்படுகின்றன.

சரிபார்ப்பு: செல்பேசிக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுஎண் அனுப்பப்படுகிறது. இது அந்தச் செல்பேசி விண்ணப்பதாரரின் கையில் உள்ளது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. அவர் கூறிய பயண நோக்கம் உண்மையா என்பதை இதனால் அறிய இயலாது.

உரிமை வழங்கல்: விரைவுக் குறியுடன் கூடிய சீட்டு வழங்கப்படுகிறது. விண்ணப்பதாரர் அதை அச்சிட்டோ செல்பேசியிலோ வைத்துக்கொள்ளலாம்.

கண்காணிப்பும் பதிவும்: சோதனைச்சாவடியில் பணியாளர் விரைவுக் குறியை வருடிச் சரிபார்க்கின்றனர். வலைத்தளத்தில் பதிந்தவர் எண்ணிக்கைக்கும், உண்மையில் மலையேறிய வண்டிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தெரியவருகிறது. சீட்டு எடுத்துவிட்டுப் பயணத்தைக் கைவிடுவோர் இருப்பதால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

நீக்கம்: சீட்டு குறிப்பிட்ட நாட்களுக்கே செல்லும். கணினி வலையமைப்பில் காலம் முடிந்த பயனரின் கணக்கை ஒரு கட்டளையால் மூடிவிடலாம். மலையில் நிற்கும் வண்டி, சீட்டின் காலம் முடிந்ததனால் தானாக இறங்கிவிடாது. ஆதலால் ஆறாம் படியே இம்முறையில் வலுக்குறைந்தது எனலாம்.

விலக்குகள்

உள்ளூர் மக்களுக்கும், அரசுப் பேருந்துகளில் வருவோருக்கும் இ-பாஸ் தேவையில்லை. அவசர ஊர்திகளும், விளைபொருள்களையும் இன்றியமையாப் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்படவில்லை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வில்பட்டி முதலிய மலையூர்களின் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகியவை சமவெளிச் சந்தைகளுக்குச் செல்வதால் இவ்விலக்கு இன்றியமையாதது.

அணுகல் மேலாண்மையில் ஒரே வகைப் பணி செய்வோரை ஒரு குழுவாகக் கொண்டு, அக்குழுவிற்கு உரிமை வழங்குவர். இது பொறுப்புவழி அணுகல் எனப்படும். உள்ளூர்வாசி, சுற்றுலாப் பயணி, சரக்கு வண்டி, அரசுப் பேருந்து என்ற பாகுபாடு இத்தகையதே. ஒருவர் எக்குழுவைச் சேர்ந்தவர் என்பதை எதைக் கொண்டு அறிவது என்பதே சிக்கலான வினா. நீலகிரி ஒரு முழு மாவட்டம் என்பதால், டி.என். 43 என்ற பதிவுக் குறியீடு உள்ளூர் வண்டியை அடையாளங்காட்ட உதவுகிறது. கொடைக்கானலோ திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு பகுதி. டி.என். 57 என்ற திண்டுக்கல் குறியீடு சமவெளி ஊர்களின் வண்டிகளுக்கும் உரியது. எனவே இங்கு எண்பலகையை மட்டும் பார்த்து மலைவாசியை அறிய இயலாது. முகவரிச் சான்றும் வேண்டியுள்ளது. மலையில் பிறந்து வெளியூரில் பணிபுரிந்து, திருவிழாவிற்கோ இறப்பிற்கோ சொந்த ஊர் வருபவர், விண்ணப்பப் படிவத்தின் கண்ணில் வெளியூர்க்காரரே ஆவார்.

2025ஆம் ஆண்டு உச்சவரம்பு

2025 மார்ச் 13 அன்று உயர்நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. இது 2025 ஏப்ரல் 1 முதல் சூன் இறுதி வரையிலான கோடைப் பருவத்திற்கு உரியது.

கொடைக்கானல்: வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகள்.
நீலகிரி: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதி நாட்களில் 8,000 வண்டிகள்.

இதன்படி கொடைக்கானலுக்கு ஒரு வாரத்தில் 32,000 வண்டிகள் வரை இ-பாஸ் பெறலாம். உள்ளூர் வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் விளைபொருள் வண்டிகளும் இக்கணக்கில் சேரா. வரம்பைத் தளர்த்துமாறு தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு தாக்கல் செய்தது. நீலகிரியில் வணிகர்கள் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பு நடத்தினர்.

வரம்பு வந்ததும் அமைப்பின் இயல்பு அடியோடு மாறியது. அனைவருக்கும் சீட்டு உண்டு என்ற நிலையில் வலைத்தளம் ஒரு வருகைப் பதிவேடாக இருந்தது. வரம்புக்குப் பின் அது பங்கீட்டுக் கடையாயிற்று. முன்னது பழுதுபட்டால் சில பதிவுகள் விடுபடும்; பின்னது பழுதுபட்டால் உரியவருக்கு வாய்ப்பு மறுக்கப்படும். பயன்படுத்தாத சீட்டுகளைத் திரும்பப் பெறுதல், ஒருவரே பல சீட்டுகள் எடுப்பதைத் தடுத்தல், இணையம் அறியாதவருக்கு உதவுதல் ஆகியவை முதல் கட்டத்தில் வசதிகள் மட்டுமே. இரண்டாம் கட்டத்தில் இவை நியாயம் சார்ந்த கடமைகள் ஆகின்றன.

வரவும் இருப்பும்

நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் வரலாம் என்பது வரவின் மீதான வரம்பு ஆகும். மலையில் ஒரே நேரத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பது இருப்பு ஆகும். அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியின்படி, நிலையான ஓர் அமைப்பில் சராசரி இருப்பு, வரவு வீதத்தைச் சராசரித் தங்கும் காலத்தால் பெருக்கக் கிடைப்பது.

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் 4,000 வண்டிகள் வந்து ஒவ்வொன்றும் சராசரியாக அரை நாள் தங்கினால், மலையில் சராசரியாக 2,000 வண்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 நாட்கள் தங்கினால் 8,000 வண்டிகள் இருக்கும். வரம்பு ஒன்றே; வாகன நிறுத்தத்திலும் குடிநீரிலும் கழிவிலும் அதன் விளைவு நான்கு மடங்கு வேறுபடும். சாலை நெரிசலை வரவும், தண்ணீர்த் தேவையை இருப்பும் பெரிதும் தீர்மானிக்கின்றன. தங்கும் நாட்களைப் படிவத்தில் கேட்பதன் பயன் இதுவே.

வரம்பு வண்டிகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை என்பதும் கருதத்தக்கது. இருவர் வரும் மகிழுந்தும் பலர் வரும் சிற்றுந்தும் தலைக்கு ஒரு சீட்டே பெறுகின்றன.

தொடர்புடைய கட்டுப்பாடுகள்

இ-பாஸ் மட்டுமே கொடைக்கானலில் உள்ள கட்டுப்பாடு அன்று. 5 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை உள்ளது. அவற்றைக் கொண்டுவருவோரிடம் புட்டி ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி பெறும் நடைமுறை 2024இல் அறிவிக்கப்பட்டது. 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் மலைச்சாலையில் செல்ல 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. இவற்றுள் முதலாவது எதைக் கொண்டுவரலாம் என்பதையும், இரண்டாவது எவ்வளவு பெரிய வண்டி வரலாம் என்பதையும், இ-பாஸ் எத்தனை வண்டிகள் வரலாம் என்பதையும் நெறிப்படுத்துகின்றன. அணுகல் மேலாண்மையிலும் உள்ளே வரும் உரிமை வேறு, உள்ளே வந்தபின் செய்யக்கூடியவை வேறு.

திறனாய்வு

இம்முறையை ஆதரிப்போர், மலையின் தாங்குதிறனை அறியாமல் எந்தத் திட்டமும் வகுக்க இயலாது என்றும், அதற்கு இத்தரவு இன்றியமையாதது என்றும் கூறுகின்றனர். சாலைகள் முடங்கும்போது பாதிக்கப்படுவோரில் முதல்வர் உள்ளூர் மக்களே என்றும் சுட்டுகின்றனர்.

எதிர்ப்போர், தங்கும் விடுதிகள், வாடகை மகிழுந்துகள், சிறு கடைகள், வழிகாட்டிகள், குதிரை ஓட்டுநர்கள் ஆகியோரின் வருவாய் கோடைப் பருவத்தையே நம்பியுள்ளது என்கின்றனர். முன்பதிவு செய்யத் தெரியாதவர் அல்லது தயங்குபவர் வேறு ஊர்களுக்குச் சென்றுவிடுவர் என்பது அவர்களுடைய கவலை.

மூன்றாவதாக, தனிமனிதத் தரவு பற்றிய வினா உள்ளது. பெயர், செல்பேசி எண், வண்டி எண், வீட்டில் இல்லாத நாட்கள் ஆகியவை ஓரிடத்தில் சேர்கின்றன. தேவையான அளவிற்கு மேல் உரிமை வழங்கக் கூடாது என்பது சால்ட்சர், சுரோடர் ஆகிய அறிஞர்கள் 1975இல் எடுத்துரைத்த குறைந்த உரிமைக் கொள்கை. இக்கொள்கை மலையேறும் பயணிக்கு மட்டுமன்றி, அவர் தந்த தரவைப் பார்க்கும் அலுவலருக்கும் பொருந்தும். சாவடிப் பணியாளருக்குச் சீட்டு செல்லுமா என்பது தெரிந்தால் போதும். ஆய்வாளருக்குப் பெயர் நீக்கிய எண்ணிக்கைகள் போதும். இந்தியாவின் எண்ணிமத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

பிற இடங்களில்

இமாசலப் பிரதேசத்தின் ரோத்தங் கணவாய்க்கு நாளொன்றுக்கு 800 பெட்ரோல் வண்டிகள், 400 டீசல் வண்டிகள் என்ற வரம்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. அனுமதி இணையவழியில் வழங்கப்பட்டது. எரிபொருள் வகையால் பிரித்தது அங்கு சிறப்பு. கேரளத்தின் சபரிமலையில் இணையவழி வரிசை முன்பதிவு நாளோடு நேரத்தையும் குறித்துத் தருகிறது. வண்டிகளை விட்டு ஆட்களை எண்ணும் முறை அது. தமிழ்நாட்டில் வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் முறை விரிவாக்கப்பட்டது.

வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் வழிவந்த உள்நுழைவு அனுமதி நடைமுறையில் உள்ளது. அது பழங்குடி மக்களின் நிலத்தையும் பண்பாட்டையும் காக்க மனிதரின் நுழைவை நெறிப்படுத்துகிறது. கொடைக்கானல் இ-பாஸ் அத்தகையதன்று. நடந்தோ அரசுப் பேருந்திலோ வருபவரை அது தடுப்பதில்லை. மலைக்குச் செல்லும் உரிமையை அன்று, சொந்த அல்லது வாடகை வண்டியில் செல்லும் வசதியையே அது வரம்புக்குட்படுத்தியது. ஆகவே இம்முறை நியாயமாக அமைய, வலைத்தளம் செம்மையாக இயங்குவதுடன், அடிவாரத்திலிருந்து போதிய பேருந்துகள் ஓடுவதும் வேண்டும்.